கடலடியில் கிடக்கும் கப்பலை அகழ்வது என்றால் என்ன?

பழைய கப்பல் ஒன்று கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்ததும் இரண்டு கேள்விகள் உடனே எழுகின்றன. உள்ளே எவ்வளவு தங்கம் இருக்கும்? எப்போது மேலே தூக்குவார்கள்? இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. கப்பல் ஒரு பெட்டி, அகழாய்வு என்பது அந்தப் பெட்டியைத் திறந்து பொருள்களை எடுக்கும் வேலை என்ற எண்ணம் அது. அகழாய்வு, மீட்பு, புதையல் வேட்டை ஆகிய மூன்று சொற்களும் பேச்சில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் புழங்குவதற்கும் இதுவே காரணம். மூன்றும் வெவ்வேறு வேலைகள்; அவற்றைப் பிரித்தறியாமல் பேசுவதால் நேரும் இழப்பு பெரியது, பெரும்பாலும் ஈடு செய்ய முடியாதது.

தொல்லியலும் முக்குளிப்பும் அறியாத ஒருவர் இந்த வேலையின் அடிப்படையைப் புரிந்துகொள்வதற்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. முதன்மை எடுத்துக்காட்டாக, 1659ஆம் ஆண்டு இலங்கையின் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஆவொன்ட்ஸ்டர் என்ற டச்சுக் கப்பலை எடுத்துக்கொள்வோம். வேறு சில காலனியக் காலக் கப்பல்களும் தேவைப்படும் இடங்களில் வரும்.

பூட்டிய அறையும் கோணிப்பையும்

ஒருவர் அவசரமாக வெளியேறிய அறை ஒன்று பல ஆண்டுகள் பூட்டியே கிடந்ததாகக் கொள்வோம். கதவைத் திறந்து பார்க்கிறீர்கள். கட்டிலின் தலைமாட்டில் மருந்துப் புட்டி, அதன் அருகில் பாதி எழுதிய கடிதம், கடிதத்தின் மேல் மூக்குக்கண்ணாடி, கதவோரத்தில் ஒரு குழந்தையின் செருப்பு. அங்கே ஒரு நோயாளி இருந்தார், அவர் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார், வீட்டில் குழந்தை இருந்தது என்றெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே பொருள்களை வேறொருவர் கோணிப்பையில் அள்ளிவந்து உங்கள் முன் கொட்டினால் என்ன ஆகும்? ஒரு பொருளும் குறையவில்லை. ஆனால் கடிதத்துக்கும் கண்ணாடிக்கும் இருந்த தொடர்பு போய்விட்டது; மருந்துப் புட்டி யாருடையதோ ஆகிவிட்டது.

ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த மண்ணுக்குள், எவற்றை ஒட்டிக் கிடந்தது என்ற உறவுகளின் தொகுப்பைத் தொல்லியலாளர்கள் சூழலமைவு என்கிறார்கள். அகழாய்வாளர் முதலில் தேடுவது இதைத்தான். பொருள் அதற்கு அடுத்தபடியே.

இதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஹெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பல் சான்று. 1752 சனவரியில் தென்சீனக் கடலில் மூழ்கிய அந்தக் கப்பலை 1985இல் ஒரு தனியார் மீட்புக் குழு கண்டுபிடித்தது. அதிலிருந்து எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களும் தங்கக் கட்டிகளும் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்தில் விற்கப்பட்டன. கப்பலின் முதன்மைச் சரக்கு தேயிலை; ஏலத்தில் அதற்கு மதிப்பில்லை. கப்பலின் உடற்பகுதி எவ்வாறு கிடந்தது, எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பன முறையாகப் பதிவு செய்யப்படவில்லை. இன்று அந்தப் பீங்கான்கள் உலகெங்கும் அலமாரிகளில் அழகாக நிற்கின்றன. கோணிப்பையிலிருந்து கொட்டிய பொருள்கள் அவை.

ஆவொன்ட்ஸ்டர்

ஆவொன்ட்ஸ்டர் என்ற டச்சுச் சொல்லுக்கு அந்திவெள்ளி என்று பொருள். இது பிறப்பால் டச்சுக் கப்பல் அன்று. இங்கிலாந்தில் கட்டப்பட்டு, ஆங்கிலேயரிடம் 'ஜான் அண்ட் தாமஸ்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்ததை, 1653இல் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தார் கைப்பற்றிப் பெயரை மாற்றினார்கள். 1602இல் தொடங்கி 1799இல் கலைக்கப்பட்ட இந்த நிறுவனத்தை அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளால் விஓசி என்று குறிப்பிடுவது வழக்கம். இரு நூற்றாண்டுக் காலம் ஆசியக் கடல்களில் வணிகமும் போரும் ஒரு கையால் நடத்திய அமைப்பு அது. காலியை 1640இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658இல் அவர்கள் வசமாயின.

அதற்கு மறு ஆண்டு சூலை மாதத்தில், வயதேறிப்போன ஆவொன்ட்ஸ்டர் இந்தியாவுக்குக் கொண்டுபோகப் பாக்கு ஏற்றிக்கொண்டு காலியில் நின்றது. நங்கூரம் நழுவியது. மாலுமிகள் விழித்துச் செயல்படுவதற்குள் கப்பல் தரைதட்டி உடைந்து மூழ்கியது. கரையிலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான தூரம், ஏறத்தாழ 5 மீட்டர் ஆழம். 1993இல் நடந்த துறைமுக ஆய்வில் அது மீண்டும் கண்ணில் பட்டது. 2001 முதல் 2004 வரை இலங்கைக் கடல்சார் தொல்லியலாளர்கள், நெதர்லாந்து, ஆஸ்திரேலிய வல்லுநர்களின் துணையோடு அதை அகழ்ந்தார்கள்.

கப்பல் எவ்வாறு எஞ்சுகிறது

பாய்மரங்களுடன் நிமிர்ந்து நிற்கும் கப்பல் கடலடியில் கிடைக்கும் என்பது ஓவியங்கள் தந்த கற்பனை. வெப்பக் கடல்களில் அநேகமாக அப்படி எதுவும் எஞ்சுவதில்லை. இதற்கு முதற்காரணம் கப்பல் புழு. பெயர் புழு என்றாலும் இது கிளிஞ்சல் இனத்தைச் சேர்ந்த உயிரி. மரத்துக்குள் நுழைந்து, வெளிப்பார்வைக்கு ஒரு சிறு துளையும் உள்ளே தேன்கூடு போன்ற வெற்றிடமுமாக அதை ஆக்கிவிடும். உப்பு குறைந்த பால்டிக் கடலில் இந்த உயிரி தழைக்க முடியாது. 1628இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 333 ஆண்டுகளுக்குப் பின், 1961இல், ஏறக்குறைய முழுமையாகத் தூக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்லாக் கப்பலையும் அப்படித் தூக்கலாம் என்று எதிர்பார்ப்பது அந்த விதிவிலக்கை விதியாக எண்ணுவதாகும்.

வெப்பக் கடலில் மரத்தைக் காப்பாற்றுவது வண்டல். கப்பல் சேற்றில் புதைந்தால், புதைந்த பகுதிக்கு உயிர்வளி எட்டாது. உயிர்வளி இல்லாத இடத்தில் கப்பல் புழு வாழாது, மற்ற நுண்ணுயிர்களின் வேலையும் மிக மெதுவாகவே நடக்கும். மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதி சில பத்தாண்டுகளில் அழிய, கீழே புதைந்த பகுதி நூற்றாண்டுகள் தாங்குகிறது. காலித் துறைமுகத்திலேயே இதற்கு நேர்எதிரான இரண்டு சான்றுகள் உள்ளன. ஹெர்குலஸ் என்ற மற்றொரு விஓசி கப்பல் 1661இல் பாறைகளில் மோதிச் சிதறியது. அங்கே பீரங்கிகளும் நங்கூரங்களும் 1625 என்று ஆண்டு பொறித்த வெண்கல மணியும் கிடைத்தன. கப்பலின் உடல் கிடைக்கவில்லை. ஆவொன்ட்ஸ்டர் சேறும் மணலுமான தரையில் அமர்ந்ததால், அதன் உடற்பகுதியில் கணிசமானது அப்படியே இருந்தது.

பூட்டிய அறை என்று முன்பு சொன்ன ஒப்புமையை இங்கே சற்றுத் திருத்த வேண்டும். கடலடி அறைக்குக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. அலைகள் இலேசான பொருள்களை அடித்துச் செல்கின்றன. கனமானவை மணலுக்குள் இறங்குகின்றன. நூற்றாண்டுகளாகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் என்றால், பிற்காலத்தில் எறிந்த புட்டியும் தவறிய நங்கூரமும் அதே குவியலில் வந்து விழுகின்றன. இவற்றை ஊடுருவிய பொருள்கள் என்பார்கள். எது கப்பலோடு வந்தது, எது பிறகு விழுந்தது என்று பிரித்தறிய மண் அடுக்கு ஒன்றே துணை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கப்பல் முழுதாக எஞ்சுவதில்லை, புதைந்த பகுதியே எஞ்சுகிறது. பொருள்களின் மதிப்பு அவை கிடக்கும் உறவில் இருக்கிறது. அந்த உறவும் கடலின் கையில் கொஞ்சம் கலைந்திருக்கிறது.

தோண்டாமலே பார்ப்பது

தேடும் கருவிகளில் இரண்டை அறிந்தால் போதும். கடற்படுகை மீது ஒலியலைகளை அனுப்பி, அவை எதிரொலித்து வருவதிலிருந்து தரையின் உருவத்தை வரைவது சோனார். புவியின் காந்தப்புலத்தில் உண்டாகும் சிறு மாற்றங்களை அளப்பது காந்தமானி. பீரங்கியோ நங்கூரமோ மணலுக்குள் புதைந்திருந்தாலும் அந்த இரும்பின் இருப்பை இது காட்டிக்கொடுக்கும். கருவி சுட்டிய இடத்தில் முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்தால், பத்தில் பல முறை அது பழைய சங்கிலியாகவோ இரும்புக் குழாயாகவோ இருக்கும்.

மண்வெட்டி இல்லாத அகழ்வு

நீருக்கடியில் மண்வெட்டியால் ஓங்கி வெட்ட முடியாது. ஓங்கினால் உடல் பின்னோக்கி மிதந்துபோகும். வெட்டினால் கிளம்பும் சேறு பார்வையை முழுதாக மறைக்கும். எனவே கடலடியில் அகழ்வதற்கான முதன்மைக் கருவி கைதான். முக்குளிப்பவர் தரைக்குச் சற்று மேலே கிடைமட்டமாக நின்றபடி, விசிறியால் வீசுவதுபோல உள்ளங்கையை மெதுவாக அசைக்கிறார். அந்த நீரோட்டத்தில் மணல் மட்டும் எழும்புகிறது. கனமான ஓட்டுத்துண்டோ ஊசியோ அங்கேயே நிற்கிறது. எழும்பிய மணலை அருகில் வாய் திறந்திருக்கும் ஒரு குழாய் உறிஞ்சி, தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

இந்தக் குழாயைத்தான் பலர் தோண்டும் இயந்திரம் என்று தவறாக எண்ணுகிறார்கள். தோண்டுவது கை, குழாய் கிளம்பிய மணலை அகற்றுகிறது, அவ்வளவே. அதில் இரண்டு வகை உண்டு. காற்று உறிஞ்சுகுழாயில், நெட்டாக நிற்கும் குழாயின் அடிவாயில் அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். குமிழ்கள் மேலே ஏறும்போது நீரின் அழுத்தம் குறையக் குறைய விரிந்துகொண்டே போகின்றன. ஏறும் குமிழ்கள் தம்மோடு நீரையும் மணலையும் இழுக்கின்றன. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரு மடங்கு என்பதால், அங்கே புகுந்த குமிழ் மேலே வருவதற்குள் இரு மடங்காகிவிடும். ஐந்து மீட்டர் ஆழத்தில் அந்த விரிவுக்கு இடமில்லை, இழுப்பு வலுவற்றுப் போகும். ஆகவே ஆழம் குறைந்த இடங்களுக்கு நீர் உறிஞ்சுகுழாய் ஏற்றது: பம்பிலிருந்து வரும் நீர்த்தாரையைக் குழாய்க்குள் வேகமாகப் பாய்ச்சினால், அதன் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தம் வாய்ப்பக்கத்து மணலை உள்ளே இழுக்கிறது. குழாயின் மறுமுனையில் வலையோ சல்லடையோ கட்டுவது உண்டு, தவறிப்போன மணியோ காசோ அதில் சிக்கும்.

தொடங்குவதற்கு முன்பே தளம் முழுவதும் சட்டங்களாலோ கயிறுகளாலோ கட்டங்கள் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. கப்பலைச் சுற்றி அசையாத சில குறிமுனைகளை ஊன்றிவைப்பார்கள். ஒரு பொருள் கண்ணில் பட்டதும் அதை எடுப்பதில்லை. முதலில் குறிமுனைகளிலிருந்து அளவு நாடாவால் அளக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து 4 மீட்டர் என்றால் அந்தப் பொருள் அந்த முனையைச் சுற்றிய வட்டத்தில் எங்கோ இருக்கிறது. இரண்டாம் முனையிலிருந்து 6 மீட்டர் என்றால் அந்த இரு வட்டங்களும் வெட்டும் புள்ளிகளில் ஒன்றில் இருக்கிறது. மூன்றாம் அளவு எந்தப் புள்ளி என்று உறுதி செய்யும். இன்று நூற்றுக்கணக்கான நிழற்படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து, கணினியில் முப்பரிமாண உருவம் ஆக்கும் முறை பெருகியிருக்கிறது. ஆனாலும் நாடா கைவிடப்படவில்லை, ஏனெனில் கலங்கிய நீரில் படம் பொய்த்துவிடும்.

நிலத்தில் ஒரு நாள் பிடிக்கும் வேலை நீருக்குள் ஏன் பல நாள் இழுக்கிறது என்பதும் இங்கே விளங்கும். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடலில் கரைகிறது; விரைவாக மேலே வந்தால் அது குமிழாகி உயிருக்கே கேடு செய்யும். இடையில் நின்று நின்று வராமல் நேரே மேலே ஏற வேண்டுமானால், 30 மீட்டர் ஆழத்தில் தங்கக்கூடிய நேரம் ஏறத்தாழ 20 நிமிடம் மட்டுமே. ஆவொன்ட்ஸ்டர் ஆழம் குறைந்த இடத்தில் கிடந்ததால் நீண்ட நேரம் வேலை செய்ய முடிந்தது. அந்தப் பொறுமைக்குப் பலனும் கிடைத்தது: செங்கல் அடுப்புடன் கூடிய சமையற்கட்டுப் பகுதி வெளிப்பட்டது. ஆங்கிலேயர் கட்டி, டச்சுக்காரர் ஓட்டிய கப்பலில், மாலுமிகளுக்கு உலை கொதித்த இடம் அது. நிறுவனத்தின் கணக்கேடுகள் எதை விற்றார்கள் என்று எழுதிவைத்தன. அடுப்பைச் சுற்றி எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை எழுதவில்லை.

மணலை அகற்றிய கணமே அதன் அடுக்கு அழிந்துவிடுகிறது. அகழாய்வு என்பது வாசிக்க வாசிக்க எரிந்துபோகும் ஏட்டை வாசிப்பது. இரண்டாம் முறை புரட்ட முடியாத அந்த ஏட்டின் நகலாக நிற்பது அளவும் படமும் குறிப்பும் மட்டுமே. அவை இல்லாமல் எடுத்தால் அது அகழாய்வு ஆகாது, எவ்வளவு கவனமாக எடுத்திருந்தாலும்.

பெயர் தெரிவது எவ்வாறு

கப்பல் தன் பெயரை எழுதிக்கொண்டு கிடப்பதில்லை. மரத்தின் வளையங்களுடைய அகல வரிசையைக் காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டு, அது வெட்டப்பட்ட காலத்தைக் கணிக்கலாம். காசுகள் எந்த ஆண்டுக்கு முன் கப்பல் மூழ்கியிருக்க முடியாது என்று சொல்லும். இவற்றோடு ஆவணங்கள் சேர வேண்டும். விஓசி ஆவணங்கள் ஏறத்தாழ 2.5 கோடிப் பக்கங்கள் எஞ்சியிருக்கின்றன. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன் ஆகிய நகரங்களோடு சென்னையிலும் அவற்றில் ஒரு பகுதி இருக்கிறது. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன.

சாவ் ஜோசே என்ற போர்த்துகீசிய அடிமைக் கப்பலின் கதை இங்கே மிகவும் பாடம் தருவது. மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட 400க்கும் மேற்பட்ட மனிதர்களுடன் அது 1794 டிசம்பரில் கேப்டவுனுக்கு அருகே பாறையில் மோதியது; அவர்களில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1980களில் புதையல் தேடியவர்கள் அந்தச் சிதைவைக் கண்டு, முந்தைய காலத்து டச்சுக் கப்பல் என்று முடிவு செய்துவிட்டார்கள். பின்னர் தொல்லியலாளர்கள் கவனித்தபோது செம்பு ஆணிகள் அந்த முடிவோடு பொருந்தவில்லை. அவை பிற்காலத்து வழக்கம். அடியில் இரும்புக் கட்டிகளும் கிடந்தன. கப்பல் நீரில் நிலையாக நிற்க அடியில் ஏற்றும் சுமைக்கு நிலைப்பாரம் என்று பெயர். மனிதர்களைச் சரக்காக ஏற்றும் கப்பலில் சரக்கின் எடை குறைவு, அது இடம்பெயரவும் செய்யும். அதை ஈடுகட்டவே அந்த இரும்பு. லிஸ்பனிலிருந்து புறப்பட்டபோது எழுதிய சரக்குப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கட்டிகள் குறிக்கப்பட்டிருந்தன. புதையல் வேட்டைக்காரருக்கு ஒரு காசும் பெறாத துருப்பிடித்த இரும்பு, அந்த மனிதர்களின் இருப்புக்குச் சான்றாயிற்று.

மேலே வந்த பின் தொடங்கும் வேலை

பொதுவாக யாரும் பேசாத பகுதி இது. செலவும் காலமும் மிகுதியாகப் போவது இங்கேதான்.

நூற்றாண்டுகள் நீரில் ஊறிய மரம் பார்வைக்குத் திடமாகத் தெரியும். அதன் உள்ளே செல்களைத் தாங்கிய பொருள் பெரும்பாலும் கரைந்துபோய், அந்த இடத்தை நீர் நிரப்பி உருவத்தை நிறுத்திவைத்திருக்கிறது. வெயிலில் வைத்தால் நீர் வெளியேற, மரம் சுருங்கி முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும். ஆகவே நீரை மெல்ல வெளியேற்றி, அதன் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்றுகிறார்கள். வாசா கப்பலின் மீது இந்தக் கரைசலை 1962 முதல் 1979 வரை, 17 ஆண்டுகள், தெளித்துக்கொண்டே இருந்தார்கள்.

இரும்பு வேறு விதம். கடலில் துருப்பிடிக்கும் இரும்பைச் சுற்றி மணலும் கிளிஞ்சலும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்போன்ற ஓடு படியும். இதைக் கெட்டித்திரள் எனலாம். கையில் எடுத்தால் உருவமற்ற கருஞ்சிவப்புப் பாறை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடரியின் வடிவம் தெரியலாம். சில வேளை உள்ளிருந்த இரும்பு முழுதும் கரைந்துபோய், கோடரி இருந்த இடத்தில் கோடரி வடிவ வெற்றிடம் மட்டும் நிற்கும். அப்போது அதையே வார்ப்பாகக் கொண்டு, உள்ளே பிசின் ஊற்றி, உறைந்த பின் வெளி ஓட்டினை உடைத்தால், இல்லாமற்போன பொருளின் துல்லியமான உருவம் வெளிவருகிறது; பிடி செருகும் துளையும் கூர்முனையின் தேய்மானமும்கூட அதில் இருக்கும். பாறைத் துண்டு என்று தூக்கி எறியப்பட்ட கெட்டித்திரள்களில் எத்தனை கருவிகள் போயினவோ என்று எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. இரும்பு எஞ்சியிருந்தால், அதனுள் ஏறிய உப்பை வெளியேற்றக் காரக் கரைசலில் மின்பாய்ச்சி ஆண்டுக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். ஒரு பீரங்கிக்கே பல ஆண்டுகள் பிடிக்கும். அந்தத் தொட்டிகளும் ஆய்வகமும் இல்லாமல் பொருளை மேலே கொண்டுவருவது, அதைக் கடலைவிட விரைவாக அழிப்பதாகும்.

ஆவொன்ட்ஸ்டர் பொருள்களுக்கு ஆய்வகம் இருந்தது. காலிக் கடற்கரையை ஒட்டியிருந்த அந்த அகழாய்வுப் பிரிவின் கட்டடத்தை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. பாதுகாப்புத் தொட்டிகளில் இருந்த பொருள்களில் பல சிதறியும் தொலைந்தும் போயின. பதிவுகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

அங்கேயே விடுவது

யுனெஸ்கோ 2001இல் ஏற்ற நீருக்கடிப் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு உடன்படிக்கை 2009 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நீருக்கடியில் கிடக்கும் மனித வாழ்வின் தடயங்களை அது காக்கிறது. இருந்த இடத்திலேயே காப்பதை முதல் தெரிவாகக் கருதவேண்டும், வணிக நோக்கில் எடுத்து விற்கக் கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள். அகழவே கூடாது என்று அது சொல்வதாகச் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. அறிவுக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்று காட்டினால் அகழலாம். கப்பல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கையும் அது தீர்த்துவைப்பதில்லை. அதற்குத் தனி ஒப்பந்தங்கள் வேண்டும், 1972இல் ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் தம்முள் செய்துகொண்டதைப் போல.

ஆவொன்ட்ஸ்டரை அகழ்ந்ததற்குக் காரணம் இருந்தது. கடற்கரையில் ஏற்பட்ட மாற்றங்களால் அதை மூடியிருந்த மணல் விலகத் தொடங்கியது. விட்டிருந்தால் கப்பல் புழு வேலையை முடித்திருக்கும். அப்படியும் முழுவதையும் அகழவில்லை. எஞ்சிய உடற்பகுதியின் மீது நெகிழி வலைகளை விரித்துக் கட்டினார்கள். நீரோட்டத்தில் மிதந்துவரும் மணல் வலையின் கண்கள் வழியே உள்ளே இறங்கி, வேகம் குறைந்து, அங்கேயே படிகிறது. நாளடைவில் வலையே மறைந்து மணல்மேடாகிறது. அந்த மணலுக்கடியில், உயிர்வளி எட்டாத இருளில், இங்கிலாந்தில் அறுத்த பலகைகள் இன்னமும் கிடக்கின்றன.